ஊர் ஏரியும் உலக வானும்

தோழா!

அண்மையில் பாடாலூரில் பேசிவிட்டு மேடையைவிட்டு இறங்கியபோது இரவு மணி பதினொன்று. திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே ஓயாது உருளும் லாரிகளின் ஓசை ஒருபுறம். சாலையோரத்துத் தேநீர்க் கடையில் அடுப்பின் சீற்றம் மறுபுறம். மரப்பலகையில் நாலைந்து தோழர்கள் அமர்ந்திருந்தனர். அவர்களிலே ஒருவர் நரைத்த மீசைக்காரர். சின்ன வெங்காயம் பயிரிடும் உழவர். நான் அடுக்கிய சொற்களை அவர் பாராட்டுவார் என்றே எதிர்பார்த்தேன். அவரோ தேநீரை ஆற்றிக்கொண்டே, "பேச்சு நல்லாத்தான் இருந்திச்சு தம்பி! ஆனா ஒண்ணு கேக்கணும். உலக நாடுங்க எல்லாம் கூடிக் கூடிப் பேசுறாங்களாமே, வெயில் ஏறாம இருக்கறதுக்கு ஒப்பந்தம் போடறாங்களாமே, அதிலே நம்ம கணக்கு என்ன? நாம கொடுக்க வேண்டியவங்களா, வாங்க வேண்டியவங்களா?" என்று கேட்டார்.

கொடுக்க வேண்டியவர்களா, வாங்க வேண்டியவர்களா!

கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். கேள்வித்தாளைக் கண்டு அஞ்சுவதில்லை. ஆனால் அன்று இரவு அந்தக் கேள்வியைக் கண்டு அஞ்சினேன். அரை நாழிகைப் பேச்சால் அதற்கு விடை கூற முடியாது. ஆகவே அந்தப் பெரியவருக்கும் உனக்கும் சேர்த்து, இந்த ஞாயிறு, ஏட்டின் வாயிலாக விடை கூற முனைகிறேன்.

அவர் ஏன் கேட்டார் என்பதை முதலில் உணர்ந்துகொள். பாடாலூர், செட்டிகுளம் வட்டாரத்து மண்ணிலே விளையும் சின்ன வெங்காயத்தின் பெருமையை நீ அறிவாய். விதைக் காயைப் பட்டறையிலே பாதுகாத்து, பருவம் பார்த்து ஊன்றி, களை எடுத்து, கண்ணுறங்காது காத்து, அறுவடை செய்த காயை மீண்டும் பட்டறையிலே அடுக்கி, விலை ஏறும் நாளுக்காகக் காத்திருக்கும் வாழ்வு அவருடையது. வெயில் வரம்பு மீறினால் காய் பருக்காது. வேண்டாத நேரத்திலே வானம் பொத்துக்கொண்டு கொட்டினால் காய் அழுகும்; திருகல் நோய் தாளைத் திருகும். கொட்ட வேண்டிய காலத்திலே வானம் கையை விரித்தால் கிணறு வற்றும். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்திலே வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்ததையும், அடுத்த ஆண்டு பிறந்ததும் மாநிலத்தின் மாவட்டங்கள் அனைத்துமே வறட்சி மாவட்டங்கள் என்று அறிவிக்கப்பட்டதையும் நீ மறந்திருக்க மாட்டாய்.

ஒவ்வொரு வறட்சிக்கும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தொழிற்சாலைப் புகையே காரணம் என்று நான் கூறவில்லை. கூறினால் அது மேடை ஆரவாரமாகுமே தவிர மெய்யாகாது. வானம் பொய்ப்பது பழைய கதைதான். ஆனால் பழைய கதையின் கொடுமையைப் புகை பெருக்குகிறது, அனலைக் கூட்டுகிறது, மழையைத் தாறுமாறாக்குகிறது. இதிலே உலகத்து அறிவியலாளர்களுக்குள் ஐயமில்லை.

புகையின் கணக்கைப் பார்ப்போம்.

நீராவி எந்திரத்தின் காலத்துக்கு முன்பு, காற்றிலே பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து ஏற்றிய சுமை அது. 2024ஆம் ஆண்டில் பூமியின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பாகை உயர்ந்து நின்றது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. இங்கே ஒன்றை நெஞ்சிலே நிறுத்து, தோழா! அடுப்புப் புகை ஒரு நாழிகையில் கலையும். கரியமில வாயு அப்படிக் கலைவதன்று. அதிலே கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கிலே வானில் தங்கும். மான்செஸ்டர் நகரத்து ஆலைக் கொதிகலன் நூறு ஆண்டுகளுக்கு முன்பு கக்கிய வாயுவில் ஒரு பகுதி, இன்றும் பாடாலூர் உழவரின் தலைக்கு மேலே கம்பளி போர்த்திக்கொண்டிருக்கிறது! அந்தக் கொதிகலன் நூற்ற பஞ்சு எவருடையது? இந்தியாவின் கரிசல் மண்ணிலே விளைந்த பஞ்சும் அதிலே உண்டு. பஞ்சைக் கொண்டு போனார்கள், துணியாக்கி நமக்கே விற்றார்கள், இலாபத்தை வைத்துக்கொண்டார்கள், புகையை மட்டும் உலகத்துக்குப் பொதுவில் எழுதிவைத்தார்கள்!

எரித்தவர்கள் எவர் எவர், எவ்வளவு? தொழிற்புரட்சி முதல் இன்றுவரை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் வானேறிய கரியமில வாயுவிலே, உலக மக்களில் நூற்றுக்கு நால்வரே வாழும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பங்கு ஏறத்தாழ நாலில் ஒன்று. நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கோ நூற்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவுதான். இன்றைய ஆண்டுக் கணக்கை ஆளுக்குப் பங்கிட்டால், அமெரிக்கர் ஒருவருக்கு ஏறத்தாழ 14 டன். இந்தியர் ஒருவருக்கு ஏறத்தாழ 2 டன். உலகச் சராசரி நாலரைக்கும் ஐந்துக்கும் இடையே.

நாடகம் எழுதுகிறவனுக்குக் கணக்கைக் காட்சியாக்கிப் பார்க்காவிட்டால் உறக்கம் வராது. இதோ ஒரு சிறு காட்சி. இடம்: ஏரிக்கரை. காலம்: கோடை. ஏரி வற்றிக் கிடக்கிறது. மிராசுதார் நாற்காலியில் வீற்றிருக்கிறார். குடத்தை இடுப்பிலே இடுக்கியபடி ஒரு கிழவி நிற்கிறாள்.

மிராசுதார்: ஊராரே! ஏரி பொதுச் சொத்து. ஆகவே பொறுப்பும் பொது. இன்று முதல் வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம்!

கிழவி: நான் எடுக்கிறதே ஒரு குடந்தானுங்க எசமான். அதிலே ரெண்டு குடத்தை எப்படிங்க குறைக்கிறது?

மிராசுதார்: நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதான்!

கிழவி: உங்க பாட்டனார் நாளிலேருந்து இந்த ஏரித் தண்ணியிலே மூணு போகம் விளைஞ்சுதுங்களே?

மிராசுதார்: பாட்டன் செய்ததற்குப் பேரன் பொறுப்பா?

கிழவி: பாட்டனார் கட்டின மச்சு வீடு மட்டும் பேரனுக்குங்களா?

மிராசுதார்: (கணக்கனைப் பார்த்து) கிழவி வாயாடுகிறாள். போனால் போகிறது, ஒரு குடம் தண்ணீர் கொடு. கடனாகக் கொடு; வட்டியோடு எழுதிக்கொள்!

காட்சி முடிந்தது, தோழா! இதிலே கற்பனை மிகக் குறைவு. உலக அரங்கிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் நாடகம் இதுவே. அங்கம் அங்கமாகக் காட்டுகிறேன், பார்.

முதல் அங்கம், ரியோ டி ஜெனிரோ, 1992. அதற்கு முந்திய ஆண்டிலேதான், டெல்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலை வெளியிட்டார்கள். ஏழை உழவனின் நெல்வயலிலே எழும் வாயுவையும் செல்வனின் காரிலே எழும் புகையையும் ஒரே தராசுத் தட்டிலே வைப்பது அறமாகுமா என்று கேட்டார்கள். பிழைப்பதற்காக எழும் புகை வேறு, உல்லாசத்துக்காக எழும் புகை வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அந்தக் குரல் வீண் போகவில்லை. ரியோவிலே நாடுகள் கையெழுத்திட்ட ஐக்கிய நாடுகளின் பருவநிலைச் சாசனத்திலே ஒரு வாசகம் ஏறியது: பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு, அவரவர் ஆற்றலுக்கேற்ற கடமை. வளர்ந்த நாடுகள் முன்னின்று வழிகாட்ட வேண்டும் என்றும், அவற்றின் பெயர்கள் தனிப் பட்டியலாகவும் எழுதப்பட்டன. கிழவியின் வாதம் சட்டமாயிற்று! இந்தியா 1993இல் அதனை ஏற்று உறுதி செய்தது; 1994 மார்ச்சிலே சாசனம் செயலுக்கு வந்தது.

இரண்டாம் அங்கம், கியோட்டோ, 1997. பட்டியலிலே உள்ள செல்வ நாடுகள் 2008 முதல் 2012 வரையிலான காலத்திலே, 1990ஆம் ஆண்டின் அளவைவிடச் சராசரியாக 5 விழுக்காடேனும் குறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஏழை நாடுகளுக்கு எண்ணிட்ட கட்டாயம் இல்லை. ஆனால் என்ன நடந்தது? கியோட்டோவிலே கூட்டம் கூடுவதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூலையிலேயே, அமெரிக்க செனட் சபை 95க்குச் சுன்னம் என்ற வாக்கிலே தீர்மானம் போட்டுவிட்டது: ஏழை நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாவிடில் எங்களுக்கும் வேண்டாம் என்று! திரை விலகுமுன்பே கயிற்றை அறுத்த கதை. 2001இல் அமெரிக்கா அந்த உடன்பாட்டை அடியோடு கைகழுவிற்று. ஏற்றுக்கொண்டிருந்த கனடாவும் 2011இல் விலகுவதாக அறிவித்தது. ஐரோப்பிய நாடுகள் பல தம் சொல்லைக் காத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிரியின் நற்செயலை மறைப்பவன் தன் வாதத்தையே பலவீனப்படுத்துகிறான்.

மூன்றாம் அங்கம், கோபன்ஹேகன், 2009. 2020ஆம் ஆண்டுக்குள், ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டி ஏழை நாடுகளுக்கு உதவுவோம் என்று செல்வ நாடுகள் வாக்களித்தன. அந்த அளவு எட்டப்பட்டது 2022இல்தான் என்பது செல்வ நாடுகளின் சொந்த அமைப்பே காட்டும் கணக்கு. வந்த பணத்திலும் பெரும்பகுதி கடன்! கணக்கன் வட்டியோடு எழுதிக்கொண்டான் என்று நான் கூறியது நகைச்சுவைக்காக அன்று, தோழா.

நான்காம் அங்கம், பாரிஸ், 2015. இங்கேதான் கதையின் போக்கே மாறிற்று. செல்வர் பட்டியல், எளியோர் பட்டியல் என்றிருந்த மதில் இடிக்கப்பட்டது. ஒவ்வொரு நாடும் தன்னால் இயன்றதைத் தானே எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றாவிடில் தண்டனை ஏதும் இல்லை. வேறுபட்ட பொறுப்பு என்ற வாசகம் நீக்கப்படவில்லை. ஆனால் அதன் பின்னே, மாறுபட்ட தேசியச் சூழல்களின் ஒளியில் என்றொரு வால் ஒட்டப்பட்டது. வழக்குமன்றத்திலே தீர்ப்பாக இருந்தது, திருமண மொய் ஏடாக மாறிற்று! மொய் எழுதுகிறவன் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதாமலும் எழுந்து போகலாம். அமெரிக்கா 2020இல் விலகியது. 2021இல் திரும்பி வந்தது. 2025 ஜனவரியிலே, புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்ற அன்றே, மீண்டும் விலகுவதற்கு ஆணை பிறந்தது. வானத்திலே மிக அதிகமாகக் கரியை ஏற்றியவர், விருந்து மண்டபத்துக்குள் வருவதும் போவதுமாக இருக்கிறார்.

ஐந்தாம் அங்கம், கிளாஸ்கோ, 2021. நிலக்கரியைப் படிப்படியாக ஒழிப்போம் என்ற சொல்லை, படிப்படியாகக் குறைப்போம் என்று இந்தியா மாற்றச் சொன்னது. மாநாட்டுத் தலைவர் மேடையிலேயே கண் கலங்கினார். உலகம் இந்தியாவைக் குறை கூறியது. கண்ணீரை நான் இகழமாட்டேன். ஆனால் கேட்கிறேன்: ஏழை நாடு நம்பியிருக்கும் நிலக்கரியின் பெயர் அந்த ஏட்டிலே எழுதப்பட்டது, செல்வ நாடுகள் நம்பியிருக்கும் எண்ணெயின் பெயரும் எரிவாயுவின் பெயரும் அங்கே எழுதப்படாதது ஏன்? புதைபடிவ எரிபொருள்கள் அனைத்தையும் விட்டு விலகுவோம் என்ற சொல் ஏட்டிலே ஏற, 2023இல் துபாய் வரையிலே காத்திருக்க வேண்டியதாயிற்று.

இறுதியாக ஒன்று. 2024 நவம்பர், பாகு நகரம். 2035ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவு. ஏழை நாடுகள் கேட்டதோ ஒரு இலட்சத்து முப்பதாயிரம் கோடி டாலர்! தலைவர் மேசையைத் தட்டி, முடிந்தது என்று அறிவித்த பின்னரே இந்தியப் பிரதிநிதி எழுந்து எதிர்ப்பைக் கூற முடிந்தது. இழப்பும் சேதமும் அடைந்த நாடுகளுக்கென்று 2022இல் எகிப்திலே ஒரு நிதி அமைக்க ஒப்பினர். மறு ஆண்டு துபாயிலே அதற்கு எழுதப்பட்ட தொடக்க மொய் 70 கோடி டாலர் அளவுதான். உலகத்து வெள்ளத்துக்கும் புயலுக்கும் வறட்சிக்கும் இது எம்மாத்திரம்? யானைப் பசிக்குச் சோளப்பொரி!

இதற்கிடையே மற்றொரு கணை பாய்ந்திருக்கிறது. சிமெண்டு, இரும்பு, எஃகு, அலுமினியம், உரம் முதலிய பண்டங்கள் ஐரோப்பாவுக்குள் நுழைய, அவற்றை ஆக்கும்போது எழுந்த புகைக்கு ஈடாக விலை கட்ட வேண்டும் என்ற சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது. 2023 அக்டோபர் முதல் கணக்குக் கேட்டார்கள். 2026 ஜனவரி முதல் கட்டணம் உண்டு என்கிறார்கள். தங்கள் நாட்டு ஆலைகளும் புகைக்கு விலை கட்டுகின்றன, ஆகவே வெளியாருக்கும் அதுவே நீதி என்பது அவர்களின் வாதம். வாதத்திலே ஓரளவு பொருள் உண்டு. ஆனால் வசூலாகும் பணம் எங்கே போகிறது? ஏழை நாட்டு ஆலை தன் உலையைத் திருத்திக்கொள்ளவா? இல்லை, ஐரோப்பியக் கருவூலத்துக்கு! கிழவியின் குடத்துக்குச் சுங்கம் விதித்து, அதையும் மிராசுதாரின் பெட்டகத்திலே போடுவது இது. வேறுபட்ட பொறுப்பு என்ற அறம் வாசல்வழி வெளியேற்றப்பட்டு, சுங்கச் சாவடிவழி கட்டணம் உள்ளே வருகிறது.

இனி, நம்மை நோக்கி வீசப்படும் வினாக்களுக்கு வருவோம்.

ஆண்டுக் கணக்கிலே உலகில் மூன்றாவது பெரும் புகையாளர் இந்தியாதானே என்பார்கள். ஆம், சீனா, அமெரிக்கா ஆகியவற்றுக்கு அடுத்து இந்தியா. நூற்று நாற்பது கோடிக்கும் மேற்பட்ட மக்களின் அடுப்பையும் ஆலையையும் ஒன்றாகக் கூட்டினால் தொகை பெரிதாகத்தான் தெரியும். நூறு பேர் உண்ணும் பந்தியையும் ஒருவர் உண்ணும் விருந்தையும் இலையை எண்ணி ஒப்பிட வேண்டுமே தவிர, அண்டாவை ஒப்பிட்டுப் பயனில்லை.

சீனாவும் எளியோர் பட்டியலிலா என்பார்கள். நேர்மையான வினா. 1992இல் எழுதிய பட்டியல் 1992ஆம் ஆண்டின் உலகைக் காட்டியது. இன்று உலகத்து ஆண்டுப் புகையிலே நூற்றுக்கு முப்பதுக்கு மேல் சீனாவுடையது. ஆளுக்குக் கணக்கிட்டாலும் உலகச் சராசரியைவிட மிகுதி. ஏரியிலே புதிதாக ஐந்து மோட்டார் வைத்து இறைப்பவன், நான் நேற்றுவரை ஏழை என்று கூறித் தப்ப முடியாது. வேறுபட்ட பொறுப்பு என்பது பிறப்பிலே எழுதிய சாதிச் சான்றிதழ் அன்று. ஆற்றல் வளர வளர, கடமையும் வளர வேண்டும். இதனை நாம் ஒப்புக்கொள்ளாவிடில் நம் வாதம் நொண்டியாகிவிடும்.

ஏன் என்கிறாயா? அந்த அளவுகோல் நாளை நம்மீதும் வைக்கப்படும், தோழா. இங்கேதான் நீ ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஏரிக்கரைக் காட்சியிலே ஒரு பாத்திரத்தை நான் மறைத்துவிட்டேன். கிழவியின் பின்னே, அவள் முந்தானை மறைவிலே, ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பட்டுச் சட்டை, பவுன் சங்கிலி. மிராசுதார் கேட்டபோதெல்லாம், "நாங்கள் ஏழைகள்! எங்கள் தெருவைப் பாருங்கள், எவ்வளவு வறுமை!" என்று அவன் குரல் கொடுத்தான். அவன் வீட்டிலோ மூன்று கிணறு! அவன் யார்? நம் நாட்டுச் செல்வன். ஆளுக்கு 2 டன் என்ற சராசரியிலே, அறைக்கு ஒரு குளிர்சாதனமும் ஆளுக்கொரு காரும் வைத்திருப்பவரும் இருக்கிறார்; வெங்காயக் காட்டிலே உச்சி வெயிலில் குனிந்து களை எடுக்கும் தாயும் இருக்கிறாள். பாகுவிலும் பாரிசிலும் அந்தத் தாயின் வறுமையைக் காட்டி நியாயம் கேட்டுவிட்டு, வாங்கிய நியாயத்தை அந்தச் செல்வனின் வீட்டிலே இறக்கிவைப்பது எவ்வகை அறம்? உலகத்திடம் வேறுபட்ட பொறுப்புக் கேட்பவன், ஊருக்குள்ளேயும் வேறுபட்ட பொறுப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது பாடாலூரிலிருந்து கிழக்கே திரும்பு. அருகே காரை, அப்பால் சாத்தனூர், அதற்கும் அப்பால் அரியலூர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இது நிலமன்று, கடல்! காரையின் செம்மண் ஓடைகளிலே கடலுயிர்களின் எச்சம் கிடைக்கிறது. சாத்தனூரிலே ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையான மரம் கல்லாகிக் கிடக்கிறது. அரியலூரின் சுண்ணாம்புப் பாறை, சிப்பியும் சங்கும் செத்துச் செத்துப் படிந்த கல்லறை. வானத்துக் கரியைக் கடல் விழுங்கி, சிப்பி தன் ஓட்டிலே பூட்டி, பூமி தன் மடியிலே புதைத்துவைத்த பெட்டகம் அது. அந்தப் பெட்டகத்தைத்தான் வெட்டி எடுத்து உலையிலே இடுகிறோம்.

சுண்ணாம்புக் காளவாயை நீ கண்டிருப்பாய். தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோ வெந்தால் எஞ்சுவது 56 கிலோ சுண்ணாம்பு. மற்ற 44 கிலோ எங்கே? கரியமில வாயுவாகி வானேறிவிட்டது! இது எரிபொருளின் புகை அன்று, கல்லின் மூச்சு. 1,450 பாகை அளவு வெப்பத்தை எட்டுகின்ற சிமெண்டு உலைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேலே தனி. ஆகவேதான் உலகத்துக் கரியமில வாயுவிலே நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலுடையது என்கிறார்கள்.

ஆலைகளை மூடு என்று கூற நான் வரவில்லை. அரியலூரிலும் கல்லக்குடியிலும் அந்த உலைகளை நம்பி அடுப்பெரியும் வீடுகள் ஆயிரமாயிரம். குடிசை மாறிக் கல்வீடு எழுவதற்கும், பள்ளி எழுவதற்கும், பாலம் எழுவதற்கும் சிமெண்டு வேண்டும். பிழைப்புக்கான புகை வேறு, உல்லாசத்துக்கான புகை வேறு என்று கூறியவர்கள் நாம். ஆனால் குறைக்க வழி இருந்தும் குறைக்காவிட்டால் அதற்குப் பிழைப்பு என்று பெயரில்லை. அனல் மின்நிலையத்துச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலந்து சுட்ட கல்லின் அளவைக் குறைக்கலாம். அது இன்று நடைமுறையிலேயே உள்ளது, இன்னும் கூட்டலாம். உலையின் வீணாகும் வெப்பத்தை மின்சாரமாக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவை இலாபத்திலிருந்து எடுக்க வேண்டுமே தவிர, தொழிலாளியின் கூலியிலிருந்து அல்ல.

டெல்லியும் உலகத்துக்கு வாக்களித்திருக்கிறது: 2005ஐ ஒப்பிட 2030க்குள் உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் எழும் புகையை 45 விழுக்காடு குறைப்போம்; மின் நிறுவுதிறனில் பாதியைப் புதைபடிவ எரிபொருள் சாராததாக்குவோம்; 2070க்குள் நிகரப் புகையைச் சுன்னமாக்குவோம் என்று. பாதி நிறுவுதிறன் என்ற இலக்கு 2025இலேயே எட்டப்பட்டது. மகிழ்ச்சி! ஆனால் நிறுவுதிறன் வேறு, வீட்டுக்கு வரும் மின்சாரம் வேறு. வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. பாதி மாலையைப் போட்டுக்கொண்டு முழு விழாக் கொண்டாடுதல் தகாது.

மேலும் ஒன்று. உலக அரங்கிலே கையெழுத்திடுவது டெல்லி. ஆனால் உழவும் நீரும் உள்ளாட்சியும் மாநிலத்தின் கையிலே. அரசியல் சட்டத்தின் 253ஆம் பிரிவு என்ன கூறுகிறது? பிற நாடுகளுடன் செய்த உடன்பாட்டை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலிலே உள்ள பொருள் பற்றியும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு பிறந்ததே. அப்படியானால், நாளை ஒரு மாநாட்டிலே போடும் கையெழுத்து, நம் வயலுக்கும் நம் சுரங்கத்துக்கும் சட்டமாக வரக்கூடும். வரட்டும்; ஆனால் கையெழுத்திடுமுன் காவிரிக் கரையைக் கேட்டீர்களா, கரிசல் காட்டைக் கேட்டீர்களா என்று வினவும் உரிமை நமக்கு உண்டு. உலகிடம் டெல்லி கேட்கும் நீதியையே டெல்லியிடம் மாநிலங்கள் கேட்கின்றன: பங்கு கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுக்காதே!

மாநிலம் டெல்லியிடம் கேட்பதை, மாவட்டத்துச் சிற்றூர் மாநிலத்திடம் கேட்க வேண்டாமா? வேண்டும். கேட்பதற்குச் சட்டமே இருக்கிறது. 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென்று மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்க வழி செய்யப்பட்டது. 2015 ஜனவரி 12க்கு முன்பு வழங்கப்பட்ட குத்தகையானால், அரசுக்குக் கட்டும் உரிமத் தொகையிலே நூற்றுக்கு 30 என்ற அளவும், அதற்குப் பின்னர் ஏலத்திலே வழங்கப்பட்டதானால் நூற்றுக்கு 10 என்ற அளவும், அந்த அறக்கட்டளைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு முதலிடம் என்பது விதி. எகிப்திலே உலக நாடுகள் ஏழு ஆண்டு கழித்து ஒப்புக்கொண்ட இழப்பு நிதியின் தத்துவம், நம் அரியலூர் மாவட்டத்துக்கும் பெரம்பலூர் மாவட்டத்துக்கும் சட்டப்படியே உரியது! சுரங்கத்துப் பள்ளத்தால் கிணற்று நீர் இறங்கிற்று என்று முறையிடும் ஊருக்கும், லாரிப் புழுதி படிந்த பள்ளிக்கும் அந்த நிதியிலே எவ்வளவு வந்தது? எதற்குச் செலவாயிற்று?

தோழா, இதுவே உனக்கு நான் கூறும் பணி. பாகுவிலே பேச உனக்கும் எனக்கும் நாற்காலி இல்லை. ஆனால் கிராம சபையிலே பாய் இருக்கிறது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாளெல்லாம் நீ போ. நம் ஊருக்குரிய கனிம நிதி எவ்வளவு, ஏரி தூர் வாரப்பட்டதா, வெட்டி முடித்த சுரங்கத்திலே மரம் நடப்பட்டதா என்று கேள். ஆள்பவர் யாராயினும் கேள், நம்மவராயினும் கேள்! விடையைத் தீர்மான ஏட்டிலே எழுதச் செய். கைதட்டலோடு கலைந்துவிடுவது கூட்டம். கணக்குக் கேட்டு நிற்பதே இயக்கம்.

பெரியவரே! தேநீர்க் கடையிலே தாங்கள் கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறுகிறேன். நாம் வாங்க வேண்டியவர்களும்தான், கொடுக்க வேண்டியவர்களும்தான். இருநூறு ஆண்டுகளாக வானத்தை வாடகையின்றி ஆண்டவர்களிடமிருந்து நமக்கு வர வேண்டிய பாக்கி உண்டு. அதை உலக மன்றத்திலே உரத்த குரலிலே கேட்போம். நம் நாட்டுச் செல்வரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டிய பாக்கியும் உண்டு. அதை அதைவிட உரத்த குரலிலே கேட்போம். நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் எல்லோரும் கொடுக்க வேண்டிய பாக்கியும் உண்டு. அதைக் கேட்க அவர்கள் இன்னும் பிறக்கவில்லை. பிறந்து வந்து, "பாட்டன் வைத்துப்போன வானம் இதுதானா?" என்று அவர்கள் கேட்கும் நாளிலே, மிராசுதாரைப்போல் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்த அறுவடையின்போது பாடாலூர் வருவேன். பட்டறை நிறைந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். கிராம சபைத் தீர்மான ஏட்டிலே உங்கள் கேள்வியும் ஏறியிருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.